பாய்மரப் படகில் ஆட்டோபைலட்: காற்றைப் பிடிப்பதா, வேபாயின்ட்டைப் பிடிப்பதா?

சார்ட்பிளாட்டரில் (மின்னணு வரைபடத் திரையில்) வேபாயின்ட் (போய்ச் சேர வேண்டிய புள்ளி) வைத்தாயிற்று. தொலைவு 10 கடல் மைல். காற்றும் ஏறக்குறைய அங்கிருந்தேதான் வருகிறது. சுக்கானைத் தானே திருப்பும் ஆட்டோபைலட்டில் பொத்தான்களோ மூன்று நான்கு இருக்கின்றன: ‘ஆட்டோ’, ‘டிராக்’, ‘விண்ட்’, சிலவற்றில் ‘விண்ட் நேவ்’. எதை அழுத்துவது? படகில் புதிதாக ஆட்டோபைலட் பொருத்தியவர்களில் பெரும்பாலோர் குழம்பி நிற்கும் இடம் இதுதான். ஒவ்வொரு பொத்தானும் என்ன செய்யும் என்று கையேடு சொல்லிவிடும். எதை எப்போது அழுத்தக் கூடாது என்பதைத்தான் நாமாகத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காற்று முன்பக்கத்திலிருந்தோ நேர் பின்னாலிருந்தோ வந்தால், சுக்கானைக் காற்றிடம் கொடுத்துவிட்டு வேபாயின்ட்டை உங்கள் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். காற்று பக்கவாட்டில் வந்தால், சுக்கானை வேபாயின்ட்டிடம் கொடுத்துவிட்டுப் பாய்களை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். இதற்கு விதிவிலக்குகள் உண்டு. அவற்றைச் சொல்லத்தான் மீதிக் கட்டுரை.

## எதை வைத்துத் தீர்மானிப்பது?

முதல் கேள்வி, காற்றுக்கும் வேபாயின்ட்டுக்கும் இடையே எவ்வளவு கோணம் என்பது. சாதாரணமான பயணப் படகு உண்மைக் காற்றுக்கு (படகு நிற்கும்போது தெரியும் காற்றுக்கு) 45 டிகிரி வரை நெருங்கிப் போகும். நல்ல பந்தயப் படகு இன்னும் கொஞ்சம் நெருங்கும். அதற்குள் இருக்கும் ஆப்பு வடிவப் பரப்பில் எந்தப் படகும் பாயில் போகாது. வேபாயின்ட் அந்த ஆப்புக்குள் கிடந்தால், அதை நோக்கி நேராகப் போகச் சொல்லும் எந்த முறையும் தோற்றுத்தான் போகும்.

இரண்டாவது, பக்கத்தில் என்ன இருக்கிறது. பாறையோ மணல்திட்டோ மீன்வலைகளோ இருந்தால் படகு தரையைப் பொறுத்து எங்கே போகிறது என்பதுதான் முக்கியம். திறந்த கடலில் அரை மைல் விலகினால் ஒன்றும் குடிமுழுகிவிடாது.

மூன்றாவது நீரோட்டம். 6 நாட் (மணிக்கு 6 கடல் மைல்) வேகத்தில் போகும் படகுக்குக் குறுக்கே 2 நாட் நீரோட்டம் இருந்தால், கோட்டிலேயே போக அணியத்தை (படகின் முன்முனையை) ஏறக்குறைய 20 டிகிரி எதிர்ப்பக்கம் திருப்பிவைக்க வேண்டும். எந்த முறை இதைத் தானாகச் செய்யும், எது செய்யாது என்று தெரிந்திருக்க வேண்டும்.

நான்காவது, உணரிகள் சொல்வதை எவ்வளவு நம்பலாம் என்பது. பாய்மர உச்சியில் உள்ள காற்று உணரி, தண்ணீரில் சுழலும் வேகமானி, திசைகாட்டி, ஜிபிஎஸ் ஆகியவற்றில் எது பொய் சொன்னாலும் பைலட் அதை அப்படியே நம்பிப் படகைத் திருப்பும்.

மின்சாரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பைலட் சராசரியாக 3 ஆம்பியர் இழுத்தால் 24 மணி நேரத்தில் 72 ஆம்பியர்-மணி செலவாகும். 100 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரியில் பாதியைத்தான் நிம்மதியாகச் செலவழிக்கலாம் என்பதால், ஒரே பேட்டரி உள்ள படகு ஒரு இரவுக்கே திணறிவிடும். எந்த முறையில் பைலட் அதிகம் உழைக்கிறது என்பது அதனால் சின்ன விஷயமில்லை.

## திசைகாட்டி முறை

‘ஆட்டோ’ என்ற பொத்தான் இதற்குத்தான். அழுத்தும் கணத்தில் படகு எந்தத் திசையை நோக்கியிருக்கிறதோ அதையே பிடித்துக்கொள்ளும். காற்று மாறினாலும் நீரோட்டம் இழுத்தாலும் பைலட்டுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை.

நம்பகத்தில் இதை அடித்துக்கொள்ள வேறு முறை கிடையாது. திசைகாட்டி ஒன்றே போதும். பாய்மர உச்சிவரை கேபிள் தேவையில்லை. காற்று 5 நாட்டுக்குக் கீழே விழுந்து, உச்சியில் உள்ள காற்றுத்திசைத் தகடு அலையாட்டத்தில் கண்டபடி சுழலும்போது இதுதான் கைகொடுக்கும். எஞ்சினில் போகும்போதும், துறைமுக வாயிலில் பாயை ஏற்றி இறக்கும்போதும் இதுவே சரி.

மறைமுகச் செலவு ஒன்று உண்டு. பாய்கள் ஒரு காற்றுக்கோணத்துக்கு இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். காற்று 15 டிகிரி திரும்பிவிட்டால் பாய் படபடக்கும், அல்லது அளவுக்கு மீறி இறுகிப் படகு சாயும். திசை மாறாததால் எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றும். வேகம் குறைந்திருப்பதை ஒரு மணி நேரம் கழித்துத்தான் கவனிப்போம். பின்காற்றில் இது இன்னும் மோசம். காற்று மெதுவாகத் திரும்பிப் பாயின் மறுபக்கத்துக்கு வந்துவிட்டால், திசை ஒரு டிகிரிகூட மாறாமலேயே பூம் (பாயின் அடியில் உள்ள கட்டை) படாரென்று மறுபக்கம் பாயும்.

## தடம் முறை

பிளாட்டரில் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஒரு கோடு இருக்கும். கோட்டிலிருந்து படகு எவ்வளவு விலகியிருக்கிறது என்பதைப் பிளாட்டர் கணக்கிட்டு அனுப்ப, பைலட் அந்த விலகலைச் சுழியமாக்கப் பார்க்கும். படகுக் கருவிகள் தகவல் பரிமாறிக்கொள்ளும் பழைய என்எம்இஏ 0183 இணைப்பில் இந்தத் தகவல் ‘ஏபிபி’ என்ற வாக்கியமாக வரும். என்எம்இஏ 2000 இணைப்பில் 129283, 129284 என்ற எண்களுள்ள செய்திகளாக வரும். ‘டிராக்’ பொத்தானை அழுத்தியும் பைலட் மறுத்தால், முதலில் பார்க்க வேண்டியது இவை வருகின்றனவா என்பதைத்தான். பிளாட்டரில் வேபாயின்ட் வெறும் குறியாக இருந்தால் போதாது. அதை நோக்கிப் போகும்படி வழியைச் செயல்படுத்தியிருக்க வேண்டும்.

காற்று பக்கவாட்டில், அதாவது 60 முதல் 130 டிகிரிக்குள் வரும்போது இந்த முறை அருமையாக வேலை செய்யும். அந்தக் கோணங்களில் படகு 10 டிகிரி இப்படி அப்படிப் போனாலும் பாய் தாங்கும். பைலட் நீரோட்டத்துக்குத் தகுந்தபடி அணியத்தைத் திருப்பிக்கொள்ள இடமிருக்கும். இரண்டு ஆபத்துகளுக்கு நடுவே குறுகலான வழியில் போக வேண்டுமென்றால் தடம் முறையைத் தவிர வேறொன்றை யோசிக்கவே வேண்டாம்.

பிரச்சினை வேபாயின்ட் காற்றுப் பக்கம் இருக்கும்போது வருகிறது. காற்று எங்கிருந்து வருகிறது என்று இந்த முறைக்குத் தெரியாது. கோட்டை நோக்கிப் படகை நெருக்கி நெருக்கித் திருப்பும், பாய் உதறும், வேகம் 5 நாட்டிலிருந்து 2 நாட்டுக்கு வரும். வேகம் குறைந்ததும் பக்கவாட்டு நழுவல் கூடும். நழுவியதைப் பார்த்துப் பைலட் இன்னும் நெருக்கும். கடைசியில் படகு நின்றுவிடும், அல்லது தானே டேக் அடித்து (அணியம் காற்றைக் கடந்து மறுபக்கம் திரும்பி), பாய் தவறான பக்கம் பிடித்துக்கொண்டு திணறும்.

நெருக்கிப் பிடிப்பதால் என்ன நஷ்டம் என்பதை எண்ணில் பார்க்கலாம். நேர் எதிர்க்காற்றில் 10 மைல் போக வேண்டும். காற்றுக்கு 45 டிகிரியில் இடமும் வலமுமாக மாறி மாறிப் போனால் மொத்த ஓட்டம் 14.1 மைல், 5 நாட் வேகத்தில் 2 மணி 50 நிமிடம். 35 டிகிரிக்கு நெருக்கினால் தூரம் 12.2 மைலாகக் குறையும், ஆனால் வேகம் 3.5 நாட்டுக்கு விழுந்தால் ஆகும் நேரம் ஏறக்குறைய மூன்றரை மணி. திரையில் கோணம் அழகாகத் தெரியும். போய்ச் சேருவது தாமதமாகத்தான்.

தடம் முறையின் இன்னொரு மறைமுகச் செலவு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. நீரோட்டம் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை திசைமாறும் கடலைக் கடக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் 6 மணி நேரம் 2 நாட் இடப்பக்கம், அடுத்த 6 மணி நேரம் 2 நாட் வலப்பக்கம். படகின் வேகம் 6 நாட், தூரம் 72 மைல். திசைகாட்டி முறையில் ஒரே திசையை வைத்துப் போனால் படகு முதலில் இடப்பக்கம் வளைந்து, அப்புறம் வலப்பக்கம் திரும்பி, 12 மணி நேரத்தில் சரியாக வந்து சேரும். தடம் முறையோ இரண்டு பக்கமும் நீரோட்டத்தோடு மல்லுக்கட்டிக் கோட்டிலேயே நிற்கும். கோட்டின் மீது அதன் வேகம் 5.66 நாட்தான். 12 மணி 43 நிமிடம் ஆகும். வரைபடத்தில் நேர்கோடாகத் தெரிவது தண்ணீரில் குறுக்குவழியாக இருக்க வேண்டியதில்லை.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. வேபாயின்ட் வந்ததும் சில பைலட்கள் உங்களிடம் கேட்டுவிட்டுத் திரும்பும். சில தானாகவே அடுத்த வேபாயின்ட்டுக்குத் திரும்பிவிடும். எஞ்சினில் போகும்போது அது வசதி. பாயில் போகும்போது அந்தத் திருப்பம் ஒரு ஜைபாக, அதாவது படகின் பின்முனை காற்றைக் கடந்து பூம் மறுபக்கம் பாய்வதாக, முடியலாம். பாயில் இருக்கும்வரை தானாகத் திரும்பும் வசதியை அணைத்துவைப்பதே நல்லது.

## காற்று முறை

இதில் பைலட் காற்றுக்கும் படகுக்கும் உள்ள கோணத்தைப் பிடித்துக்கொள்ளும். காற்று திரும்பினால் படகும் கூடவே திரும்பும். பாயை ஒருமுறை சரியாகக் கட்டிவிட்டால் அது எப்போதும் நிறைந்தே நிற்கும்.

எதிர்க்காற்றில் இதன் அருமை குத்துக்காற்று வரும்போது தெரியும். காற்று திடீரென்று பலமானதும், படகு வேகம் பிடிப்பதற்குள் தோற்றக் காற்று (நகரும் படகில் உணரும் காற்று) கொஞ்சம் பின்பக்கம் நகரும். பைலட் உடனே அணியத்தைக் காற்றுப் பக்கம் ஏற்றும். சாய்வு குறையும், காற்றை நோக்கி இலவசமாகச் சில மீட்டர் கிடைக்கும். குத்துக்காற்று ஓய்ந்ததும் பைலட் மீண்டும் கீழே இறக்கிப் படகை ஓடவிடும். நல்ல சுக்கானியும் இதைத்தான் செய்வார். திசைகாட்டி முறையில் அதே குத்துக்காற்று படகைச் சாய்க்க மட்டும்தான் செய்யும்.

டேக் அடிப்பதும் சுலபம். காற்று முறையில் டேக் பொத்தானை அழுத்தினால் இந்தப் பக்கம் 35 டிகிரி என்றிருந்த கோணம் அந்தப் பக்கம் 35 டிகிரியாக மாறும். திசைகாட்டி முறையில் டேக் அடித்தால் முன்கூட்டியே அமைத்த ஒரு கோணத்துக்குத் திரும்பும், அவ்வளவுதான். நடுவில் காற்று மாறியிருந்தால் அந்தக் கோணம் பொருந்தாது.

### தோற்றக் காற்றா, உண்மைக் காற்றா?

நகரும் படகில் நிற்பவர் முகத்தில் படுவது தோற்றக் காற்று. படகின் வேகத்தைக் கழித்தால் கிடைப்பது உண்மைக் காற்று. 12 நாட் உண்மைக் காற்றில் 45 டிகிரி கோணத்தில் 6 நாட் வேகத்தில் போகும் படகில், தோற்றக் காற்று ஏறக்குறைய 30 டிகிரியில் 17 நாட் வேகத்தில் வீசும். எதிர்க்காற்றில் பாய்க்குத் தெரிவது இந்தக் காற்றுதான், ஆகவே பைலட்டையும் தோற்றக் காற்றுக்கே அமைப்பது சரி. உணரி நேரடியாக அளப்பதும் இதைத்தான். நடுவில் கணக்கு எதுவும் இல்லை, பிழை நுழைய இடமும் குறைவு.

பின்காற்றில் கதை தலைகீழ். 15 நாட் உண்மைக் காற்று, கோணம் 150 டிகிரி, படகு 6 நாட். தோற்றக் காற்றுக்கோணம் 133 டிகிரி. பின்னாலிருந்து ஒரு அலை வந்து படகைத் தூக்கித் தள்ள, வேகம் சில விநாடிகளுக்கு 10 நாட் ஆகிறது. உண்மைக் காற்று மாறவே இல்லை. ஆனால் தோற்றக் காற்று 112 டிகிரிக்கு முன்னே வந்துவிட்டது. தோற்றக் காற்றைப் பிடித்திருக்கும் பைலட், இழந்த 21 டிகிரியை ஈடுகட்ட அணியத்தைக் காற்றிலிருந்து விலக்கித் திருப்பும். இப்போது உண்மைக் காற்று ஏறக்குறைய நேர் பின்னால். அலை கடந்து போகிறது, படகு ஒரு ஆட்டம் ஆடுகிறது, பூம் மறுபக்கம் பறக்கிறது. பைலட்டில் எந்தக் கோளாறும் இல்லை. கொடுத்த வேலையைத்தான் அது செய்தது.

அதனால் பின்காற்றில் உண்மைக் காற்று முறை. சில பைலட்கள் எதிர்க்காற்றில் தோற்றக் காற்றையும் பின்காற்றில் உண்மைக் காற்றையும் தாமாகவே மாற்றி எடுத்துக்கொள்ளும். அப்படி இருந்தால் அந்த அமைப்பை அப்படியே விட்டுவிடுங்கள். ஒரே ஒரு நிபந்தனை: உண்மைக் காற்றைக் கணக்கிடப் படகின் வேகம் வேண்டும். தண்ணீருக்கடியில் உள்ள சின்னச் சக்கரத்தில் பாசி பிடித்து அது சுற்றாமல் நின்றால் வேகம் சுழியம் என்றாகிவிடும். உண்மைக் காற்றும் தோற்றக் காற்றும் ஒன்றாகிவிடும். திரையில் ‘உண்மை’ என்று எழுதியிருக்கும், உள்ளே ஓடுவது தோற்றக் காற்று. நீண்ட பின்காற்று ஓட்டத்துக்கு முன்னால் அந்தச் சக்கரத்தை வெளியே எடுத்துத் தேய்த்துவிடுங்கள். எந்த முறையானாலும் நேர் பின்காற்றில் பூமை முன்பக்கம் இழுத்துக் கட்டாமல் பைலட்டை நம்பிக் கீழே இறங்க வேண்டாம்.

### காற்று முறையின் விலை

படகு எங்கே போகிறது என்பது இந்த முறைக்குத் தெரியாது. காற்று 20 டிகிரி திரும்பினால், 6 நாட் வேகத்தில் ஒரு மணி நேரத்தில் நினைத்த வழியிலிருந்து 2 மைல் விலகியிருப்பீர்கள். பாய் அழகாக நிறைந்திருக்கும், படகு சமமாக ஓடும், அசைவில் எந்த மாற்றமும் தெரியாது. தூங்குகிறவர் தூங்கிக்கொண்டே இருப்பார். காற்று மாற்ற அலாரம் பெரும்பாலான பைலட்களில் உண்டு. எரிச்சலாக இருக்கிறது என்று அணைத்துவைப்பது வழக்கமாகிவிட்ட ஒன்று. அதை அணைக்காதீர்கள்.

அப்புறம், காற்று முறை உணரியின் தரத்துக்கு மேல் போகாது. 15 மீட்டர் உயர உச்சியில் இருக்கும் உணரி படகு ஆடும் ஒவ்வொரு முறையும் பெரிய வளைவில் வீசப்படும். அந்த அசைவு காற்றாகவே பதிவாகும். நல்ல பைலட்கள் விரைவான திருத்தங்களைத் திசைகாட்டியையும் கைரோவையும் (படகு திரும்புவதை உணரும் கருவி) வைத்துச் செய்துவிட்டு, காற்றை மெதுவான திருத்தத்துக்கு மட்டும் எடுத்துக்கொள்ளும். மலிவானவை உணரி சொல்வதையெல்லாம் துரத்திச் சுக்கானை ஓயாமல் ஆட்டும். மோட்டாரும் பேட்டரியும் தேயும். எதிர்வினை வேகத்தை ஒரு படி குறைத்தாலே பாதி சத்தம் அடங்கிவிடும்.

## காற்றும் வேபாயின்ட்டும் சேர்ந்த முறை

சில நிறுவனங்களின் பைலட்களில் ‘விண்ட் நேவ்’ என்ற பெயரில் இது வருகிறது. வேபாயின்ட்டுக்கான திசையையும் காற்றின் திசையையும் சேர்த்துக் கணக்கிட்டுப் படகைச் செலுத்தும். கேட்டால் இதுதான் எல்லாவற்றுக்கும் விடை போலத் தோன்றும். ஆனால் வேபாயின்ட் ஆப்புக்குள் இருந்தால் இதுவும் அதிசயம் செய்யாது. டேக் அடித்துத்தான் போக வேண்டும். எப்போது அடிப்பது என்பதில் கப்பல் போக்குவரத்து, ஆழம், வரப்போகும் காற்று எல்லாம் கலந்திருக்கின்றன. அவற்றைப் பைலட்டுக்குச் சொல்ல வழியில்லை.

இந்த முறை உங்களிடம் இல்லையென்றால் வருத்தப்பட வேண்டாம். சாதாரண காற்று முறையையும் பிளாட்டரையும் வைத்தே இதே வேலையைச் செய்துகொள்ளலாம். எனக்குக் கேட்டால் அதுவே மேல். செய்முறை இப்படி:

பிளாட்டரில் வேபாயின்ட்டுக்கான வழியைச் செயல்படுத்திவையுங்கள், ஆனால் பைலட்டைக் காற்று முறையில் ஓடவிடுங்கள். பைலட் பின்பற்றாவிட்டாலும் பிளாட்டர் கோட்டிலிருந்து விலகலைக் கணக்கிட்டுக்கொண்டேதான் இருக்கும். அந்த விலகலுக்கு ஒரு அலாரம் வையுங்கள். வேபாயின்ட்டிலிருந்து காற்று போகும் திசையில் ஒரு நடுக்கோடு, அதற்கு இருபுறமும் 10 டிகிரியில் இரண்டு கோடுகள் என்று மனதிலோ வரைபடத்திலோ ஒரு கூம்பு வரைந்துகொள்ளுங்கள். 10 மைல் தொலைவில் இந்தக் கூம்பு நடுக்கோட்டுக்கு இருபுறமும் சுமார் 1.8 மைல் அகலம். நெருங்க நெருங்கக் குறுகும். படகு கூம்பின் ஓரத்தைத் தொட்டதும் டேக். அலாரத்தின் எல்லையையும் அவ்வப்போது குறைத்துக்கொண்டே வாருங்கள்.

ஏன் கூம்பு? ஒரே டேக்கில், அதாவது ஒரே பக்க ஓட்டத்தில், லேலைன் (அங்கிருந்து மேலும் டேக் அடிக்காமலே வேபாயின்ட்டை எட்டிவிடக்கூடிய கோடு) வரை ஓடிவிட்டுத் திரும்பினால் பிற்பாடு காற்று எப்படி மாறினாலும் நஷ்டம்தான். காற்று சாதகமாகத் திரும்பினால், அதிக தூரம் ஓடிவிட்டோம் என்று தெரியவரும். பாதகமாகத் திரும்பினால் மறுபடியும் டேக் அடிக்க வேண்டும். நடுக்கோட்டை ஒட்டியே இருப்பவருக்கு எந்தப் பக்கம் காற்று மாறினாலும் ஒரு நல்ல டேக் மிச்சமிருக்கும். அதேபோல, இரண்டு டேக்குகளில் எது உங்களை வேபாயின்ட் பக்கம் அதிகமாகக் கொண்டுபோகிறதோ அதை முதலில் எடுங்கள். காற்று மாறி அணியம் வேபாயின்ட்டிலிருந்து மேலும் மேலும் விலகுகிறது என்றால், கூம்பின் ஓரம் வரவில்லை என்று காத்திருக்க வேண்டாம்.

வேபாயின்ட்டை நோக்கிய வேகத்தைக் காட்டும் எண்ணை மட்டும் இந்த நேரத்தில் பார்க்காதீர்கள். ஒரே கோணத்தில் சீராகப் போனாலும், நடுக்கோட்டிலிருந்து விலக விலக அந்த எண் குறைந்துகொண்டே வரும்; வேபாயின்ட் பக்கவாட்டுக்கு வரும்போது சுழியமாகும். அதைப் பார்த்துப் பதறிப் படகை நெருக்கிப் பிடிப்பவர்கள் தடம் முறையின் தவறையே தங்கள் கையால் செய்கிறார்கள். பார்க்க வேண்டியது காற்றை நோக்கிய வேகம்.

வேபாயின்ட்டுகளை முன்கூட்டியே குறுக்குநெடுக்காக வைத்து, ஒவ்வொரு டேக்கையும் ஒரு தடமாக ஓட்டலாமே என்ற யோசனை அடிக்கடி வரும். காகிதத்தில் நன்றாக இருக்கும். காற்று 10 டிகிரி மாறியதும் ஒரு பக்கத் தடங்கள் போகமுடியாதவை ஆகிவிடும், மறுபக்கத் தடங்கள் வீணாகத் தாழ்ந்து போகும். திட்டமிட அந்தப் புள்ளிகள் உதவும். சுக்கானை அவற்றிடம் கொடுக்க வேண்டாம்.

லேலைனை எட்டி, வேபாயின்ட் ஆப்புக்கு வெளியே வந்துவிட்டதா? அப்போது தடம் முறைக்கு மாறலாம், ஆனால் பழைய கோட்டை அழித்துவிட்டு, நிற்கும் இடத்திலிருந்து புதிதாக வேபாயின்ட்டைக் குறிவைத்த பிறகுதான். இல்லாவிட்டால் ஒன்றரை மைல் தள்ளிக் கிடக்கும் பழைய கோட்டுக்குத் திரும்பிப் போகப் பைலட் பிடிவாதம் பிடிக்கும்.

சொந்தமாகக் கட்டமைக்க விரும்புகிறவர்களுக்கு, பைபைலட் என்ற திறந்த மூல ஆட்டோபைலட் மென்பொருள் ஒரு வழி. ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியில் ஓடும். திசைகாட்டி, ஜிபிஎஸ், காற்று, உண்மைக் காற்று, வழிசெலுத்தல் என்று முறைகள் தனித்தனியாக இருக்கின்றன. இலவச வரைபட மென்பொருளான ஓப்பன்சிபிஎன்னுடன் சேர்ந்து வேலை செய்யும். காற்று உணரியிலிருந்து வரும் ‘எம்டபிள்யூவி’ வாக்கியத்தில் ‘ஆர்’ என்ற எழுத்து இருந்தால் தோற்றக் காற்று, ‘டி’ இருந்தால் உண்மைக் காற்று. முறைகள் குழம்பும்போது முதலில் அந்த எழுத்தைப் பாருங்கள்.

## எந்திர விண்ட் வேன்

மின்சாரமே வேண்டாம் என்றால் இது. படகின் பின்பக்கத்தில் பொருத்திய ஒரு காற்றுத் தகட்டின் மூலம் காற்றே படகைத் திருப்பும். 1960இல் அட்லாண்டிக்கைத் தனியாகக் கடக்கும் முதல் போட்டியில் பிரான்சிஸ் சிச்செஸ்டர் 40 நாளில் முதலாவதாகவும், பிளான்டி ஹாஸ்லர் 48 நாளில் இரண்டாவதாகவும் வந்தார்கள். இருவர் படகிலும் காற்றே சுக்கானைத் திருப்பியது. 2018இல் தொடங்கிய கோல்டன் குளோப் உலகச் சுற்றுப் போட்டியிலும் மின் பைலட்டுக்கு இடமில்லை; விண்ட் வேனை நம்பித்தான் போனார்கள்.

இது செய்வது தோற்றக் காற்று முறைதான், மின்சாரம் இல்லாமல். காற்று பலமாக பலமாக இதன் பிடியும் பலமாகும், மின் பைலட் திணறும் நேரத்தில் இது நிமிர்ந்து நிற்கும். மெல்லிய பின்காற்றில் தோற்றக் காற்று ஏறக்குறைய இல்லாமலே போவதால் சோர்ந்துவிடும். வேபாயின்ட் என்ற ஒன்று இருப்பதே இதற்குத் தெரியாது. ஒரு சின்ன டில்லர் பைலட்டை (சுக்கான் பிடியைத் தள்ளி இழுக்கும் மின் பைலட்) காற்றுத் தகட்டின் இடத்தில் இணைத்தால், குறைந்த மின்சாரத்தில் திசைகாட்டி முறையும் கிடைக்கும். நீண்ட பயணம் போகிறவர்களுக்கு என் தேர்வு இதுதான். வார இறுதியில் விரிகுடாவைச் சுற்றுகிறவருக்குப் படகின் பின்பக்கத்தில் இவ்வளவு இரும்பு வேண்டாம்.

## நிலைமைக்கு எது?

| நிலைமை | முறை | கூடவே செய்ய வேண்டியது |
|---|---|---|
| வேபாயின்ட் எதிர்க்காற்றில், திறந்த கடல் | தோற்றக் காற்று | விலகல் அலாரம், காற்று மாற்ற அலாரம் |
| பக்கக்காற்று | தடம் | பாயை அவ்வப்போது திருத்த வேண்டும் |
| பின்காற்று, அலை உண்டு | உண்மைக் காற்று | பூமைக் கட்டி வைக்கவும். வேகமானி சுத்தமாக இருக்கட்டும் |
| குறுகலான வழி, குறுக்கு நீரோட்டம் | தடம் | வழி ஆப்புக்குள் இருந்தால் எஞ்சின் |
| திசைமாறும் நீரோட்டம், நீண்ட கடப்பு | திசைகாட்டி | கணக்கு முன்கூட்டியே போட வேண்டும் |
| 5 நாட்டுக்குக் குறைந்த காற்று | திசைகாட்டி | பாயை விட எஞ்சினே உதவும் |
| பல நாள் பயணம், குறைந்த மின்சாரம் | எந்திர விண்ட் வேன் | இடத்தை மணிக்கு ஒருமுறை குறிக்கவும் |

எதிர்க்காற்றும் குறுகலான வழியும் ஒன்றாக வந்தால் என்ன செய்வது என்று கேட்கலாம். அங்கே பைலட்டே வேண்டாம். ஒருவர் சுக்கானில், ஒருவர் பாயில். ஆள் இல்லையென்றால் பாயை இறக்கிவிட்டு எஞ்சினில் தடம் முறை.

## வாங்கும் முன்னும் நம்பும் முன்னும்

பணம் குறைவாக இருந்தால், விலையுயர்ந்த பைலட்டில் போடுவதைவிட நல்ல காற்று உணரியிலும் திசைகாட்டியிலும் போடுங்கள். ‘விண்ட் நேவ்’ இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு பைலட்டை மாற்ற வேண்டாம். கைரோ உள்ள திசைகாட்டி கிடைக்கும் என்பதற்காக மாற்றலாம். அது எல்லா முறைகளையும் ஒரே நேரத்தில் மேம்படுத்தும்.

காற்று உணரியைச் சோதிப்பது எளிது. அலை குறைந்த ஒரு நாளில் நெருக்கமாக ஒரு டேக், அதேபோல மறுபக்கம் ஒரு டேக் ஓட்டுங்கள். ஒரு பக்கம் 32 டிகிரியும் மறுபக்கம் 28 டிகிரியும் காட்டினால் உணரி 2 டிகிரி கோணலாக இருக்கிறது, அமைப்பில் திருத்திவிடலாம். இதைச் செய்யாமல் ஓட்டினால் ஒரு டேக்கில் படகு துள்ளும், இன்னொரு டேக்கில் சோம்பும், பழி பாயின் மீது விழும்.

பாய்ச் சமநிலையையும் பாருங்கள். கையால் ஓட்டும்போது சுக்கான் கனமாக இழுத்தால் பைலட்டும் அதே கனத்தோடு இரவு முழுக்கப் போராடும். முதன்மைப் பாயை ஒரு மடிப்பு குறைத்தால் மின்செலவு கண்ணுக்குத் தெரிய இறங்கும். எந்த முறையில் ஓடினாலும் நாலாபக்கமும் பார்வை வைத்திருக்கச் சர்வதேசக் கடல் மோதல் தவிர்ப்பு விதிகளின் 5ஆம் விதி சொல்கிறது. பைலட் இருப்பதால் அதில் சலுகை கிடையாது. தனியாகப் போகிறவர் தவறித் தண்ணீரில் விழுந்தால் எந்தப் பைலட்டும் திரும்பி வராது, ஆகவே இடுப்புக் கயிற்றைப் படகோடு மாட்டிக்கொண்ட பிறகே பொத்தானை அழுத்துங்கள்.